நாடாவுக்கு எழுத்து கிடையாது
கம்பம் பள்ளத்தாக்கின் பழைய வீடியோ எந்திரங்களை முன்வைத்து

பழசைச் சேகரிப்பது பற்றித் தமிழில் இரண்டுவிதமான சொல்லாடல்களே புழங்குகின்றன. ஒன்று பாரம்பரியச் சொல்லாடல். செட்டிநாட்டுத் தூண், தஞ்சாவூர்த் தட்டு, பித்தளை வெற்றிலைப்பெட்டி என்று பெரிய வீட்டுப் பரணிலிருந்து இறங்கி நட்சத்திர ஓட்டல் வரவேற்பறைக்குப் போய்ச் சேரும் பொருட்களைப் பற்றியது. மற்றது ஏக்கச் சொல்லாடல். ஆண்டெனா, ஆடியோ கேசட், ‘அதெல்லாம் ஒரு காலம்’ என்கிற பெருமூச்சு. இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: பொருள் செத்திருக்க வேண்டும். ஓடாத கடிகாரமும் பாடாத கிராமபோனும்தான் இவர்களுக்கு அழகு.

நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த இரண்டிலும் அடங்காது. சோனி 1971இல் சந்தைக்குக் கொண்டுவந்த முக்கால் அங்குல யு-மேட்டிக், 1982இன் பீட்டாகேம், 1986இன் பீட்டாகேம் எஸ்பி, பானாசோனிக்கின் எம் 3000, எம் 9000 என்று தோளில் தூக்கிய கல்யாணக் கேமராக்கள், எடிட்டிங் டெக்குகள், எம்எக்ஸ் 50 மிக்சர்: இவைதான் அந்தப் பொருட்கள். கனமானவை, சாம்பல் நிறத்தவை. கூடத்தில் வைத்தால் வீட்டில் திட்டு விழும். அலங்காரத்துக்கு லாயக்கில்லாதவை என்பதாலேயே இவை வேறு கேள்வியைக் கேட்கின்றன. தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று போகிற சாலையில் பழைய இரும்புக் கடை தவிர வேறெங்கும் இவற்றுக்கு இடமில்லை. அந்தக் கடைகளிலிருந்தே இவற்றைத் திரும்ப வாங்கி, திறந்து, துடைத்து, ஓடவைக்கும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையை ‘பொழுதுபோக்கு’ என்று சொல்லிக் கடந்துபோவதை நான் மறுக்கிறேன்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏடு தேடிப் பதிப்பித்த வரலாறுதான் எங்கள் படிப்பின் முதுகெலும்பு. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது, ஊர் ஊராய் அலைந்தது, செல்லரித்த ஓலை, ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட சுவடிகள். இந்தக் கதையாடலை எத்தனை தேர்வுகளில் எழுதியிருப்போம்! எவை தேடப்பட்டன, எவை தேடப்படவில்லை என்ற கேள்வியை அந்தத் தேர்வுத்தாள்கள் கேட்டதில்லை என்பது தனிக்கதை. இங்கே வேறொன்றைக் கவனிக்க வேண்டும். ஓலை எவ்வளவு சிதைந்தாலும் அதில் எழுத்து இருக்கிறது. வெளிச்சமும் கண்ணும் பயிற்சியும் இருந்தால் போதும்.

நாடாவுக்கு எழுத்து கிடையாது. கையில் எடுத்துப் பாருங்கள். பழுப்பாக, பளபளப்பாக, அரை அங்குல அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதற்குள் ஒரு கல்யாணம் இருக்கிறதா, ஒரு கொலை இருக்கிறதா, வெறும் நாடாவா என்று எந்தப் பூதக்கண்ணாடியும் சொல்லாது. நம்மூரில் வழங்கிய பால் முறை வி.எச்.எஸ்.ஸில் நாடா ஒரு விநாடிக்கு இரண்டேகால் சென்டிமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் ஊர்கிறது. அதன் குறுக்கே சாய்வாக நிற்கும் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை விநாடிக்கு 25 சுற்று சுற்றுகிறது. உருளையின் விளிம்பில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும் இரண்டு ‘ஹெட்டு’கள், விநாடிக்கு 50 சாய்கோடுகளை நாடாவில் காந்தமாகக் கீறுகின்றன. ஒரு கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதே சாய்வில், அதே வேகத்தில், அதே கோட்டின்மேல் இன்னொரு ஹெட்டு மறுபடி ஓடினால்தான் முகம் தெரியும். கொஞ்சம் விலகினால் பனி கொட்டும். டிராக்கிங் குமிழைத் திருகியவர்களுக்கு இது தெரியும்.

ஆக, எந்திரம் இல்லாவிட்டால் பிரதி இல்லை. எழுத்தறிவு என்று நாம் சொல்வது இங்கே மனிதருக்குள் இல்லை, பொறிக்குள் இருக்கிறது. அந்தப் பொறியை எழுப்பத் தெரிந்த விரல்களில் இருக்கிறது. ‘வாசகன்தான் பிரதியை உருவாக்குகிறான்’ என்று நம் சிற்றிதழ்களில் எவ்வளவோ எழுதித் தள்ளினோம். இங்கே வாசகன் என்பது தேய்ந்துபோன ஒரு பெரைட் துண்டு. கோட்பாட்டாளர்கள் மன்னிக்க.

இந்தப் பள்ளத்தாக்குக்கு வீடியோ எப்படி வந்தது? சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கப்பட்டபோது அதன் அலைக்கு இந்த மலைகளைத் தாண்டிவரும் வலு இல்லை. கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் வரும்வரை இங்கே பல ஊர்களுக்குத் தொலைக்காட்சி என்றால் ‘டெக்கு’தான். திருவிழாவுக்கும் வளைகாப்புக்கும் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, விடியவிடிய மூணு படம். ஒலிபெருக்கியையும் திரையையும் கண்காணித்தே பழகிய அரசு இதைச் சும்மா விடுமா? வீடியோ கேசட் மூலம் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே வந்தது. செய்தியும் நாடாவில் வந்தது. பின்னாளில் சன் டிவியைத் தொடங்கிய கலாநிதி மாறன், 1990இல் ‘பூமாலை’ என்று ஒரு வீடியோ இதழ் நடத்தினார் என்பதை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? கடல் கடந்தும் இதேதான். புலிகளின் ‘நிதர்சனம்’ வெளியிட்ட ‘ஒளிவீச்சு’ நாடாக்கள் வழியாகத்தான் புலம்பெயர்ந்த வீடுகள் யுத்தத்தைப் பார்த்தன. ஐரோப்பாவில் பால், கனடாவில் என்.டி.எஸ்.சி. என்று முறை வேறு. ஒரே பிரசாரம் இரண்டு முறைக்கும் மாற்றிப் படியெடுக்கப்பட்டுத் தேய்ந்தது.

ஏலக்காய்ப் பணம் புழங்கிய போடியிலும் கம்பத்திலும் கேமரா முதலில் நுழைந்தது கல்யாண வீடுகளுக்குள். கல்யாண வீடியோ என்றாலே நம் அறிவுஜீவிகளுக்கு ஒரு இளக்காரம். இதய வடிவத்துக்குள் மணமக்கள், திரையைப் புரட்டிப்போடும் ‘மிக்சிங்’, அமிகா கணிப்பொறியில் தட்டிய தலைப்பு, பண்ணைப்புரத்துக்காரரின் பாட்டு. ரசனை கெட்டது என்று தள்ளிவிடுவது எளிது. இந்த நாடாக்களில் நூற்றுக்குக் குறையாமல் உட்கார்ந்து பார்த்தவன் என்கிற முறையில் நான் வேறொன்றைச் சொல்வேன். இது சினிமாவின் மலிவு நகல் அல்ல. மொய் நோட்டின் நீட்சி. மதுரை, தேனிப் பக்கத்தில் மொய் என்பது வரவு செலவு மட்டுமல்ல. யார் யாருக்கு உறவு, யார் யாருக்குக் கடன் என்கிற சாதியின் கணக்கேடு. ஒவ்வொருவரும் மேடையேறி, மணமக்கள் பக்கத்தில் நின்று, கேமராவை நேராகப் பார்த்து, நகர்கிறார்கள். நடிப்பு இல்லை, கதை இல்லை. ‘நோட்டுல பேர் இருந்தாப் பத்தாது, கேசட்டுல மொகம் இருக்கணும்.’ எந்தெந்த முகங்கள் மேடைக்குக் கீழேயே, பந்தி முடிந்த இலைகளுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகின்றன என்பதும் அதே நாடாவில்தான் பதிவாகியிருக்கிறது. எடுத்தவர் மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஆய்வாளருக்கு இதைவிட நேர்மையான ஆவணம் எங்கே கிடைக்கும்?

1989இல் போடியில் சாதிக் கலவரம் வெடித்தது. அந்த ஆண்டையொட்டிய கல்யாண நாடாக்களும் காதணி விழா நாடாக்களும் என் பார்வைக்கு வந்திருக்கின்றன. கலவரத்தின் ஒரு சட்டகம்கூட வரவில்லை. கேமரா யார் தோளில் இருந்தது, வாடகையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு அந்த இல்லாமையே பதில்.

பிறகு கேமரா தெருவுக்கு வந்தது. ஊர்வலம் போகிறவர்களுக்காக அல்ல. காவல்துறை, ஊர் ஸ்டுடியோக்காரரை நாள் கூலிக்கு அமர்த்தி ஊர்வலத்தைப் படம் எடுக்கும் வழக்கத்தை இதை வாசிக்கிற தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நாடாக்களில் உங்களில் பலர் நட்சத்திரங்கள். தேர்தல் ஆணையமும் வாக்குச்சாவடிக்குக் கேமரா அனுப்பத் தொடங்கியது. 1995 ஆகஸ்ட் 10 அன்று தேசிய மனித உரிமை ஆணையம் மாநில முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதம் இன்னும் முக்கியமானது. காவலில் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனையை வீடியோவில் பதிந்து, அந்த நாடாவை அறிக்கையோடு அனுப்ப வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. முதல் நாள் முகூர்த்தத்தில் தாலி கட்டுவதை எடுத்த அதே எம் 9000, மறுநாள் பிணவறைக்குப் போயிருக்கிறது. ஒரே நாடா வகை, ஒரே விளக்கு. மனித உடம்பின் மீது அதிகாரம் எழுதியதை வாசிப்பதற்கான சாட்சியம் வி.எச்.எஸ். என்கிற வீட்டு வடிவத்தில் தேங்கிப்போனது இப்படித்தான்.

கேமரா எதிர்ப்பக்கமும் திரும்பியது. 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதில் 17 பேர் செத்தார்கள். அதைப் பற்றி ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த ‘நதியின் மரணம்’ தமிழ் ஆவணப்பட வரலாற்றில் ஒரு திருப்பம். அந்தக் காலத்துப் படம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நாடாக்கள் இருந்திருக்கும். முடிந்த படம் குறுந்தகடாகி, கணினிக்கு வந்துவிடும். வெட்டிப்போட்ட பகுதிகள்? அவை எந்தப் பரணில், எந்த ஈரத்தில் கிடக்கும்? இங்கே 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறுக்காகப் பள்ளத்தாக்கே திரண்டு குமுளியை நோக்கி நடந்தபோது பலர் கையில் இருந்தது மினி டி.வி. நாடா (தொலைக்காட்சி அல்ல, சிறு டிஜிட்டல் நாடா). அதை வாசிக்கும் கேமராவும் அரிதாகிவிட்டது. அதைச் செருகும் துளை புதிய கணினிகளில் கிடையாது.

நீதிமன்றத்தில் இது வெறும் ஏக்கப் பிரச்சினை அல்ல. கணினி வழியாக எடுத்த நகலைச் சாட்சியமாகத் தந்தால் அதற்குச் சான்றிதழ் வேண்டும் என்றது சாட்சியச் சட்டத்தின் 65பி; 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 63. மகாராஷ்டிரத்தின் ஜால்னா தொகுதித் தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் இதை உறுதிசெய்தது. சான்றிதழ் கட்டாயம், மூலத்தையே முன்வைத்தால் வேண்டாம். அந்த வழக்கின் மையமே தேர்தல் அலுவலர் அறையில் எடுத்த வீடியோதான். ஆனால் மூலத்தை முன்வைப்பது என்றால் என்ன? நாடாவை மேசைமேல் வைப்பதா? ஓட்டிக்காட்ட வேண்டாமா? ஓட்டிக்காட்ட எந்திரம் எங்கே? சட்டம் எந்திரத்தைப் பற்றி மௌனமாக இருக்கிறது. அந்த மௌனத்தை நிரப்புகிறவர் கம்பத்தில் ஒரு சந்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

அறுபதைத் தாண்டியவர். ரேடியோ மெக்கானிக்காகத் தொடங்கி, டெக்கு, கேமரா என்று போனவர். ‘சேகரிப்பாளர்’ என்று நான் சொன்னபோது சிரித்தார். “சேத்து வச்சு என்ன தம்பி பண்ண? அஞ்சு மெசினை அறுத்தாத்தான் ரெண்டு ஓடும்.” அவருடைய கடையில் முழு எந்திரங்கள் சிலதான். மற்றவை உறுப்புகள். பெல்ட், பிஞ்ச் ரோலர், கேப்ஸ்டன் மோட்டார், பழைய பிஸ்கட் டப்பாக்களில் வகைவாரியாக. ரப்பர்தான் முதலில் சாகும். இறுகிக் கண்ணாடியாகும், அல்லது உருகிப் பிசினாகும். அடுத்தது கண்டென்சர். 80களின் இறுதியிலிருந்து போர்டு மேல் ஒட்டவைத்த பொடிக் கண்டென்சர்கள் கசிந்து, செம்புக் கோட்டையே தின்றுவிடுகின்றன. மீன் வாடை அடிக்கும் என்கிறார். மூக்கால் பழுதைக் கண்டுபிடிக்கிற மனிதர். கடைசியாக ஹெட்டு. அது சில ஆயிரம் மணி நேரம் உழைக்கும், அவ்வளவுதான். புதிதாக யாரும் செய்வதில்லை. வி.எச்.எஸ். டெக் செய்த கடைசி நிறுவனமான புனாய் 2016 ஜூலையில் நிறுத்தியது. அதே ஆண்டு மார்ச்சோடு சோனி பீட்டாமேக்ஸ் நாடா விற்பனையையும் நிறுத்தியது.

நாடாவின் எதிரி பூஞ்சை. மேற்கே மலை, ஆனியில் சாரல், ஐப்பசியில் அடைமழை. பீரோவுக்குள் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்த கேசட்டின் கண்ணாடிச் சன்னலில் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதை அப்படியே மெசினில் போட்டால் ஹெட்டு அடைபடும், அடுத்த நாடாவுக்கும் பூஞ்சை பரவும். எனவே கூட்டைக் கழற்றி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிய துணிக்கு நடுவே நாடாவைக் கையால் இழுத்துச் சுற்றி, வேறு கூட்டில் போட வேண்டும். மூணு மணி நேர நாடாவின் நீளம் சுமார் 260 மீட்டர். கை வலிக்காதா அண்ணே என்றால், “பெறகு ஆரு செய்வா?” என்கிறார்.

பெஞ்சமின் 1931இல் தன் நூலகத்தைப் பிரித்தடுக்குவது குறித்து எழுதிய கட்டுரையில், சேகரிப்பாளன் பொருளைப் பயன்பாட்டுச் சுமையிலிருந்து வேறாக நேசிக்கிறான் என்கிறார். அழகான வாதம். கம்பத்துச் சந்துக்கு அது பொருந்தாது. இங்கே பொருளை மறுபடி சுமை தூக்க வைப்பதுதான் வேலை. அதற்காக இன்னொரு பொருளைக் கொல்லவும் வேண்டும். கண்ணாடிப் பேழைக்குள் முழுசாக நிற்கும் யு-மேட்டிக்கைப் பார்த்தால் இவருக்குக் கோபம் வரும். அதன் ரோலர் யாருக்கும் பயன்படாமல் இறுகிக்கொண்டிருக்கிறதே.

இன்னொரு வகைக் கோட்பாட்டோடும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நைஜீரியாவின் கானோ நகரத் திருட்டு வீடியோக்களைப் பற்றி பிரையன் லார்கின் 2008இல் எழுதினார். ‘ஏழைப் பிம்ப’த்துக்கு ஹிட்டோ ஸ்டேயர்ல் 2009இல் வக்காலத்து வாங்கினார். படியெடுக்கப் படியெடுக்கத் தேய்ந்த பிம்பம், தான் கடந்துவந்த பாதையைத் தழும்பாகச் சுமக்கிறது என்பது அவர்கள் சொன்னதில் எனக்கு உடன்பாடானது. பாடபேதம் பார்க்கப் பழகியவனுக்கு ‘மாஸ்டர் காப்பி’ எது, மூணாவது படி எது என்று இரைச்சலை வைத்தே சொல்லத் தோன்றும். ஆனால் இரைச்சலைக் கொண்டாடும் இடத்தில் இருப்பவர் யார்? செத்துப்போன மகனின் முகம் பனிக்குள்ளே மறைகிறபோது அந்தத் தாய்க்கு அது அழகியல் அல்ல. அவருக்குத் தெளிவு வேண்டும், டி.பி.சி. வேண்டும். ஆடும் கோடுகளை நேர்ப்படுத்தும் அந்தப் பெட்டி, தேனி மாவட்டத்தில் இவரிடம் ஒன்று இருக்கிறது. வேறு எங்காவது இருந்தால் நண்பர்கள் தெரிவிக்கலாம்.

‘எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கிவிடுவோம்’ என்று சொல்கிற உற்சாகிகளும் இருக்கிறார்கள். பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி 2012இல் இறக்கும்வரை முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சிச் செய்தியை விடாமல் பதிந்து, சுமார் 70,000 நாடாக்களை விட்டுச்சென்றார். மகத்தான காரியம். ஆனால் அது ஊரறிய ஒளிபரப்பானது. கல்யாண நாடாவில் இருக்கும் பெண்கள் இணையத்துக்காக நிற்கவில்லை. பிணவறை மேசையில் கிடப்பவர் யாருக்கும் சம்மதம் தரவில்லை. ஆவணத்தை யார் காப்பது, யார் திறப்பது என்பதிலேயே அதிகாரம் இருக்கிறது என்று தெரிதா சொன்னதை மேற்கோள் காட்டிவிட்டு, மறுநாளே ஊரார் நாடாக்களை யூடியூபில் ஏற்றும் முரணை என்னால் ஏற்க முடியவில்லை. நாடா வீட்டுக்குத் திரும்ப வேண்டும், கூடவே படியும் போக வேண்டும். வழக்குத் தொடர்பானவை வழக்காடுகிறவர்களிடம். அதற்கு மேல் எது பொதுவுக்கு என்பதை அந்தந்தத் தெருவே தீர்மானிக்கட்டும்.

அதுவும் நேரம் இருந்தால். யுனெஸ்கோவும் ஒலி-ஒளி ஆவணக்காரர்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து நடத்திய ஆய்வு, காந்த நாடாக்களைப் படியெடுக்க 2025வரைதான் தவணை என்று 2020இல் எச்சரித்தது. அந்த 2025 வந்தேவிட்டது. மூணு மணி நேர நாடாவைப் படியெடுக்க மூணு மணி நேரம் ஆகும், அதைச் சுருக்க வழியில்லை. இருக்கிற ஹெட்டுகளின் ஆயுளை மணிக்கணக்கில் எண்ணிவிடலாம். ஒரு நாடாவை ஓட்டுவது என்றால் இன்னொரு நாடாவின் நேரத்தைச் செலவழிப்பது.

நான் கடைசியாகப் போனபோது நல்ல ஹெட்டு உள்ள டெக்கு ஒன்றுதான் இருந்தது. அலமாரியில் இரண்டு கேசட். ஒன்று, வழக்கறிஞர் நண்பர் ஒருவர் கொடுத்துவைத்தது. 90களின் பிற்பகுதியில் காவலில் இறந்த ஒருவரின் பிரேதப் பரிசோதனைப் படி, சுருள் முழுக்கப் பூஞ்சை. மற்றது, ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்வரும் பெண் கொண்டுவந்த கல்யாண நாடா, ஓரளவு சுத்தமானது. அவளுக்கு நினைவு தெரியுமுன் இறந்துபோன அம்மா அதில் பந்தி பரிமாறியபடி நடந்துபோகிறாளாம், ஒரே ஒரு தடவை. வழக்கு நாடாவை முதலில் ஓட்டுங்கள் என்றேன். அது பலருக்கானது, வாய்தா வேறு நெருங்குகிறது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அதைப் போட்டு ஹெட்டு போச்சுன்னா, இந்தப் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது தம்பி?” வெகுநேரம் வாதாடினேன். அவர் கல்யாண நாடாவை உள்ளே தள்ளிவிட்டு, வழக்கு நாடாவின் கூட்டிலிருந்த ஐந்து திருகாணிகளையும் கழற்றி வரிசையாக மேசையில் வைத்தார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, எனக்கும் ஒன்றை நீட்டினார்.